எர்த்துக்கு உட்கார்ந்த மாமனார்

5 ஜூலை 2009, ஞாயிறு

ரெக்கார்டு பிளேயர் வீடு வந்து சேர்ந்தது. பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரி வீட்டைக் காலி செய்கிறார் என்று நான் வேலை பார்க்கும் சிப்காட் லேபில் தங்கராசு சொன்னார். போய்ப் பார்த்தேன், பிடித்துவிட்டது, மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் வந்தேன். இசைத்தட்டுகள் ஒரு சாக்கு.

தட்டு சுற்றுகிறது. முள் நகர்கிறது. சத்தம்தான் இல்லை. ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகிய பிறகு என் மனைவி காயத்ரி ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள்.

"நாதஸ்வரமாங்க இது? கொசுன்னு நெனச்சேன்."

8 ஜூலை

விசாரித்ததில் தெரிந்தது. முள்ளிலிருந்து வருவது ரொம்பச் சின்னச் சத்தம். அதை வளர்த்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க நடுவில் ஒரு பெட்டி வேண்டும். ஃபோனோ ப்ரீ-ஆம்ப் என்று பெயர். சில ஆம்ப்ளிஃபயர்களில் அது உள்ளேயே இருக்குமாம். என்னுடையதில் இல்லை. என்னுடையதில் எதுதான் இருந்தது?

12 ஜூலை, ஞாயிறு

சிதம்பரம் போய் வந்தேன். தெற்கு வீதியில் ரேடியோ கடை வைத்திருக்கும் சுப்புராயன் தன் கையாலேயே செய்த பெட்டி ஒன்றைக் கொடுத்தார்.

மாமனார் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே போனதில்லை. வேறு சாதியில் கட்டிக்கொண்டாள் என்று மகளைத் தலைமுழுகியவர் அவர். "உங்க வூட்டு வாசப்படிய மிதிச்சா என் பேரு கொளஞ்சியப்பன் இல்ல" என்று ஆள் விட்டுச் சொன்னார். அத்தை மட்டும் அவருக்குத் தெரியாமல் போன் பண்ணுவார்.

சாயந்திரம் பெட்டியை மாட்டினேன். சத்தம் வந்தது! நன்றாகவே வந்தது. ஆலாபனை நடுவில் ஒரு பெண் குரல், "மீனவர்கள் ஆழ்கடலுக்குச் செல்ல வேண்டாமென எச்சரிக்கப்படுகிறார்கள்" என்றது. பெட்டி வானொலியையும் சேர்த்துப் பிடிக்கிறது.

"போவலம்மா" என்று காயத்ரி ஸ்பீக்கருக்குப் பதில் சொன்னாள்.

15 ஜூலை

பெட்டிக்கு அலுமினியத் தாள் சுற்றினேன். பிறகு பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன். இப்போது வானொலி முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது. சுப்புராயனுக்குப் போன் போட்டால், "ரேடியோவும் சேத்து வருது, அதுக்குப் போயி வருத்தப்படறீங்களே சார்" என்கிறார்.

26 ஜூலை, ஞாயிறு

சென்னை ரிச்சி தெருவில் அலைந்து இரண்டாவது பெட்டி. முதலில் போட்டதும் பிரேக் பிடிக்காத லாரி வீட்டுக்குள் நுழைந்த மாதிரி சத்தம். பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் ஓடிவந்து, யாருக்கு என்ன ஆச்சு என்றார். பெட்டியின் பின்னால் ஒரு சுவிட்ச். முள்ளின் ரகத்துக்கு ஏற்ப அதைத் தள்ளி வைக்க வேண்டுமாம். தள்ளினேன். அருமை. வானொலியும் இல்லை.

ஆனால் அடியில் ஒரு உறுமல். ம்ம்ம்ம்ம் என்று. பாட்டு நின்றாலும் அது நிற்பதில்லை. உறுமாமல் இருக்கப் பிளேயரிலிருந்து பெட்டிக்கு ஒரு எர்த்து ஒயர் போக வேண்டும். அதை யாரோ எந்தக் காலத்திலோ வெட்டியிருக்கிறார்கள்.

2 ஆகஸ்ட், ஞாயிறு

என்ன எழுதுவது.

காலையில் கதவைத் திறந்தால் மாமனார் நிற்கிறார். கையில் ஒரு பை, இரண்டு பாட்டில் தண்ணீர். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்து, "காயத்ரி இருக்குதா?" என்றார்.

வீட்டில் சண்டையாம். அவருடைய சாய்வு நாற்காலியைத் தூக்கி அத்தை ஸ்ரீதரின் ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்துவிட்டார். ஸ்ரீதர் இவர் மகன். கேட்டதற்கு, "சும்மாதான ஒக்காந்திருக்கீங்க, எதுல ஒக்காந்தா என்னா?" என்றாராம். அந்த 'சும்மா' இவரைக் குத்திவிட்டது. யாரும் தேடி வராத இடமாகப் போக வேண்டும் என்று யோசித்திருக்கிறார். உலகத்திலேயே அவரைத் தேட முடியாத ஒரே வீடு எங்கள் வீடுதான். அதனால் வந்துவிட்டார்.

காயத்ரி சமையலறையில் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

6 ஆகஸ்ட்

ஹாலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஓட்டலிலிருந்து பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிறார். எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. எனக்கு நேராகவே "ஃபேனக் கொறைக்கச் சொல்லும்மா" என்று மகளிடம் சொல்கிறார். நான் எழுந்து குறைக்கிறேன். என் வீடுய்யா இது! சொல்லத் தோணுது, வாய் வரல.

9 ஆகஸ்ட், ஞாயிறு

இதை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன்.

பாட்டுப் போட்டேன். உறுமியது. மாமனார் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு, கால் கழுவிவிட்டு வந்த ஈரக்காலோடு நேராகப் போய், அதை நிறுத்துவதற்காகப் பிளேயரின் இரும்புக் கையை அடியில் பிடித்தார்.

உறுமல் நின்றது. நாதஸ்வரம் மட்டும், கண்ணாடி மாதிரி.

கையை எடுத்தார். ம்ம்ம்ம். வைத்தார். சுத்தம்.

நான் தொட்டுப் பார்த்தேன், பாதிதான் குறைந்தது. காயத்ரி தொட்டால் கூடுகிறது. மறுபடி அவர் வைத்தார். சுத்தம்.

"அப்பா, அப்படியே இருங்கப்பா" என்றாள் காயத்ரி.

ஒரு பக்கம் முடிகிற வரை அப்படியே இருந்தார். முடிந்ததும் சுவரிடம், "இன்னொரு பக்கம் இருக்குதா?" என்று கேட்டார்.

16 ஆகஸ்ட், ஞாயிறு

வெட்டுப்பட்ட எர்த்து ஒயருக்குப் பதில் இப்போது மாமனார்தான், கால் கழுவிவிட்டு வந்து உட்காருகிறார். அவருக்கென்று பிளேயர் பக்கத்தில் ஒரு ஸ்டூல். வலது கை பிளேயரில். எடுக்க முடியாது, எடுத்தால் உறுமும். காயத்ரி டீ கொண்டுவந்து இடது கையில் கொடுத்தாள். வேறு வழியில்லாமல் வாங்கினார். குடித்தார். எங்கள் வீட்டு டம்ளரில், எங்கள் வீட்டுத் தண்ணீரில் போட்ட டீ. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சிக்கல். கை வைத்ததும் பேச ஆரம்பித்துவிடுகிறார். பம்புசெட்டு, போர்வெல், வாய்க்கால் தகராறு எல்லாம். கையை எடுத்தால் உறுமல், வைத்தால் மாமனார். பாட்டு எனக்கு இன்னும் கேட்டபாடில்லை.

22 ஆகஸ்ட்

மஞ்சக்குப்பத்தில் எர்த்து ஒயர் வாங்கிவிட்டேன். ஒரு முழம். இதை மாட்டினால் எல்லாம் சரி.

மாட்டவில்லை. ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். இன்று அவர் ஓட்டல் பொட்டலம் வாங்கவில்லை. காயத்ரி போட்ட தோசையைச் சாப்பிட்டார். ஒயரை மாட்டிவிட்டால் அந்த மனுசன் எதுக்கு அந்த ஸ்டூல்ல ஒக்காரப்போறாரு? நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம்.

6 செப்டம்பர், ஞாயிறு

மாமனார் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். உறுமினாலும் பரவாயில்லை என்று ஒரு தட்டைப் போட்டேன்.

உறுமவில்லை.

பின்னால் எட்டிப் பார்த்தேன். என் ஒயர். பிளேயருக்கும் பெட்டிக்கும் நடுவில் முறுக்கிக் கட்டி, மேலே பிளாஸ்டர் சுற்றியிருக்கிறது. மோட்டார் கொட்டகையில் எர்த்து போட்ட கை. எப்போது மாட்டினார்? போன வாரம் முழுக்க விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே!

திரும்பி வந்தவர், ஸ்டூலில் உட்கார்ந்தார். கையை வைத்தார்.

"சரியா இருக்குதான்னு கேளும்மா" என்றார்.

"சரியா இருக்குதுங்க" என்றேன் நானே.

13 செப்டம்பர், ஞாயிறு

அத்தை வந்துவிட்டார். காயத்ரிதான் சொல்லியிருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தார். புருஷன் ஒரு பெட்டியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வாசல மிதிக்க மாட்டேன்னு எம் பொண்ண இத்தினி வருசம் கண்ணுல காட்டல. இப்ப இங்க வந்து இன்னா பண்றீங்க?"

"எர்த்து."

"இன்னாது?"

"நா கைய எடுத்தா உறுமும். எடுக்க முடியாது. நீ கெளம்பு."

அத்தை உள்ளே வந்தார். "எடுங்க, பாக்கலாம்."

மாமனார் கையை இன்னும் அழுத்திப் பிடித்தார். வந்த நாளிலிருந்து முதல்முறையாக நேராக என்னைப் பார்த்தார். நான் என்ன யோசித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. "இருங்கத்த, சவுண்டு ஏத்திடறேன்" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் குனிந்து, ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு.

அவர் கையை எடுத்தார்.

ம்ம்ம்ம்ம்ம். ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது.

அத்தை தலையைச் சாய்த்துக் கேட்டார். தானும் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். நிற்கவில்லை.

"அது எல்லாராலயும் முடியாது" என்றார் மாமனார்.

"சரி, வைங்க கைய" என்று அத்தை செருப்பைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கழித்து மகளிடம் மெதுவாக, "பாத்ரூம் போவணும்னா இன்னாடி பண்ணுவாரு?" என்று கேட்டார்.

14 செப்டம்பர்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் மாமனார்.

"மாப்ள."

யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.

"பொட்டிக்குப் பின்னால ஒரு ஒயரு அவுந்து கெடந்துது. எலி இழுத்திருக்கும். எடுத்து வச்சிருக்கறேன்."

"ஆமா மாமா. இங்க எலி ஜாஸ்தி."

தலையாட்டினார். நானும் ஆட்டினேன். சிப்காட் போய்ச் சேரும் வரை எனக்கு ரோடு கண்ணில் தெரியவில்லை.

4 அக்டோபர், ஞாயிறு

மாமாவும் அத்தையும் ஊருக்குப் போய்விட்டார்கள். நடவுக்கு ஆள் விட வேண்டுமாம். பஸ் ஸ்டாண்டில் அவர் தெருக்காரர் ஒருவர் எதிரே வந்தார். மாமாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பஸ் ஏறப்போன மாமா திரும்பி இறங்கி வந்தார்.

"எம் மாப்ள. சிப்காட்ல இருக்காரு" என்றார். அந்த ஆள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "பாட்டுல ரொம்ப நாலேஜ்" என்று சேர்த்துக்கொண்டார்.

11 அக்டோபர்

ஒயரைச் சரியாக மாட்டினேன். கச்சிதம். உறுமலும் இல்லை, பேச்சும் இல்லை. இத்தனை மாதம் எதற்காக அலைந்தேனோ அது கிடைத்துவிட்டது. ஒரு பக்கம் கேட்டேன். மறுபக்கம் திருப்பவில்லை.

1 நவம்பர், ஞாயிறு

மழை. காயத்ரி சிதம்பரத்துக்குப் போன் போட்டு அத்தையிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தாள். மாமா வந்தார். வாய்க்காலில் தண்ணீர் ஏறியதைச் சொன்னார். அவர் பேசப்பேச நான் போய் ஒரு தட்டைப் போட்டு, செல்போனை ஸ்பீக்கர் பக்கம் காட்டினேன்.

வாய்க்காலைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்டார்.

பாட்டு கொஞ்ச தூரம் போனதும், "மாப்ள, உறுமுதா?" என்று கேட்டார்.

காயத்ரியைப் பார்த்தேன். அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை.

"ஆமா மாமா" என்றேன். "லேசா உறுமுது."

"அப்படியே வுட்டுடக் கூடாது. வெள்ளிக்கெழம வந்துடறேன்" என்றார்.