நகலில் எல்லாம் கறுப்பு

பிப்ரவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருக்கிறாய் என்பதைச் செவ்வாய்க்கிழமை ஆறு மணி நேரம் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மருமகள் பெயரில் பதிவு செய்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. என் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் வந்திருக்கும்.

படகுத்துறை வாசலில் மஞ்சள் குடையோடும், 'ஒருவருக்கான தனிச் சுற்றுலா' என்ற அட்டையோடும் நின்றாய். நான் கைத்தடியை ஊன்றிக் காரிலிருந்து இறங்கியதும் அட்டை கீழே விழுந்தது.

"என்னக்கா, ரெண்டு வருஷமா பேச்சில்ல, இப்ப சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

"ஊரைச் சுத்திப் பாக்க ஆசையா இருந்துச்சு. இங்க ரொம்ப நல்லா சொல்ற வழிகாட்டி ஒருத்தி இருக்கான்னாங்க."

"வேற ஆளை ஏற்பாடு பண்ணட்டுமா?"

"எதுக்கு? உன் குரலைக் கேக்கத்தானே வந்தேன். ஆரம்பிம்மா."

ஓட்டுநர் பார்த்துக்கொண்டிருந்ததால் உனக்கு வேறு வழியில்லை. ஆரம்பித்தாய். படகுத்துறை, மீன் ஏலக்கூடம், கயிற்றுக் கிடங்கு, சுங்கக் கட்டடம், கலங்கரை விளக்கம் என்று முப்பத்தொரு நிறுத்தங்கள். ஒவ்வொரு வாக்கியமும் நீ வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். கடிகாரக் கோபுரத்தின் அடியில் மேலே பார்க்கச் சொல்லிவிட்டு மூன்று எண்ணும் அளவுக்கு நிறுத்துவேனே, நீயும் அங்கேதான் நிறுத்தினாய். அந்த இடைவெளியைக்கூட விட்டுவைக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்த மூன்று வாரம், வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சாவி வாங்கினாய். கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாய். இருபத்திரண்டு வருடச் சனிக்கிழமைகள் அதில் மூன்று நோட்டுகளாக இருந்தன. உன் துண்டுப் பிரசுரத்தில் 'வழிகாட்டியின் இருபதாண்டுச் சொந்த ஆய்வு' என்று போட்டிருக்கிறாய். இரண்டு வருடத்தைக் குறைத்துக்கொண்டது உன் பெருந்தன்மை.

கடற்சுவரின் ஏழாம் படியில் நின்று விளக்குக்காரியின் கதையைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருமல் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாய். அதற்கு நன்றி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

பிப்ரவரி 19

மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு,

தங்கள் கருத்துகளுக்கு நன்றி. எங்கள் சேவையில் குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

இப்படி எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை.

ஆமாம், எடுத்தேன். மூன்று நோட்டையும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து நகலெடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். நான் வேலை பார்த்த படகு டிக்கெட் கவுண்டரை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பியபோது, அந்த நோட்டுகளை உன்னிடம் எத்தனை முறை கேட்டேன்? நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உனக்கு எதுக்குடி இதெல்லாம்? எட்டாவதுல வரலாத்துல பெயிலானவதானே நீ." உன் மருமகள் முன்னால் சொன்னாய். அவள் சிரித்தாள்.

இருபத்திரண்டு வருடச் சனிக்கிழமைகள் என்கிறாயே, உன் பின்னால் யார் நடந்தது? நீ ஊரைக் காட்டக் கூட்டிப்போன பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேரும் சாலையில் இறங்கிவிடாமல் கயிற்றின் கடைசி முனையைப் பிடித்தது யார்? இரண்டு கையிலும் தண்ணீர்க் கேன் தூக்கியது யார்? எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், வெயிலா மழையா என்று எல்லாம் குறித்திருக்கிறாய். நகலை மூன்று முறை வரி வரியாகத் தேடினேன். நான் வந்ததாக ஒரு வரி இல்லை. தண்ணீர் தானாக நடந்து வந்ததாக்கும்!

உன் இடைவெளியைத் திருடினேன் என்கிறாய். நீ மூன்று எண்ணும்போதெல்லாம் கடைசியில் நின்று நானும்தான் எண்ணினேன்.

இன்னொரு செய்தி. ஏழாம் படியில் விளக்குக்காரியின் நினைவாகப் பித்தளைப் பலகை பதிக்கப்போகிறார்கள். மார்ச் 25, காலை பத்து மணி. நகரச் சுற்றுலா அலுவலகத்தின் தலைமை அதிகாரி வருகிறார். பலகைக்கான வாசகம் என்னுடையது, உரையும் என்னுடையது. உங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்கிறேன். அவசியம் வரவும்.

இப்படிக்கு,
வழிகாட்டி

*

பிப்ரவரி 26

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதிக்காக ஒரு உதாரணம் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு முறை, துறைமுகத்தைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னேன். ஒருத்தி, 'எங்கள் மாமா வீட்டு மொட்டை மாடியில் நின்றால் துறைமுகம் தெரியும்' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவளின் தாளிலும் அதே வரி. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"உனக்கு மாமா இருக்காரா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப இந்த மொட்டை மாடி யாரோடது?"

அழுதுவிட்டாள். பார்த்து எழுதுபவர்கள் சரியான விடையை எழுதினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்தவளின் மாமாவையும் சேர்த்து எழுதும்போதுதான் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

நீ என் மாமாவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

நான் எல்லாவற்றையும் நீல மையில் எழுதுவதில்லை, சின்னவளே. ஆவணக் காப்பகத்தில் பார்த்து எழுதியது நீலம். பிள்ளைகளைச் சமாளிக்க அந்த நேரத்தில் கட்டிவிட்ட கதை சிவப்பு. பின்னாளில் எனக்கே குழம்பிவிடக்கூடாது என்று அப்படி ஒரு வழக்கம் வைத்திருந்தேன். திருத்துகிறவளின் வழக்கம். நீ நோட்டுகளைக் கடைக்காரரிடம் அப்படியே நீட்டியிருப்பாய், திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாய். நகலில் எல்லாம் கறுப்பாக வந்திருக்கும்.

விளக்குக்காரி என்று ஒருத்தி இருந்ததே இல்லை. திரும்பி வராத கப்பலுக்காகப் பதினோரு வருடம் ஒரே படியில் நின்று, கால்பட்டுக் கல் குழிந்தது என்று உருகி உருகிச் சொன்னாயே, அந்தக் குழி நங்கூரச் சங்கிலி உரசி விழுந்தது. அன்று இடி இடித்தது. நாற்பது பிள்ளைகள் சுவரோரம் ஒண்டி நின்றார்கள், இரண்டு பேர் அழ ஆரம்பித்துவிட்டார்கள். வாய்க்கு வந்த பெண்ணைக் கொண்டுவந்து படியில் நிற்கவைத்தேன். கயிற்றின் கடைசியில் நின்ற உனக்கு இடிச் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும்.

முப்பத்தொன்றில் எட்டு சிவப்பு. ஒன்றைச் சொல்லிவிட்டேன். மற்ற ஏழும் எவை என்று சொல்ல மாட்டேன்.

ஆவணக் காப்பகம் திங்கள் முதல் வெள்ளி வரை திறந்திருக்கும். காலை பத்து முதல் மாலை ஐந்து. எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆனது. உன் பலகைக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

மார்ச் 5

அக்கா,

நேற்று ஒரு வயதான தம்பதி வந்திருந்தார்கள். கயிற்றுக் கிடங்கின் வாசலில் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தேன். இது நீலமா சிவப்பா என்று உள்ளே ஒரு குரல். வார்த்தை வரவில்லை. அந்த அம்மாள் கணவரிடம், "பாவம்ங்க, மறந்துட்டாங்க போல" என்று மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. சுங்கக் கட்டடத்தில் 'என்று சொல்வார்கள்' என்று சேர்த்துக்கொண்டேன். கடிகாரக் கோபுரத்தில் 'என்றும் ஒரு பேச்சு உண்டு' என்றேன். கலங்கரை விளக்கத்தில் அந்த அய்யா கேட்டுவிட்டார்: "ஏம்மா, இந்த ஊர்ல நிச்சயமா நடந்தது ஏதாவது உண்டா?"

பலகைக்கான படிவத்தில் 'ஆதாரம்: ஆவணக் காப்பகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏப்ரலில் என் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். பொய் என்று தெரிந்தால் ரத்து செய்துவிடுவார்கள். எனக்கு இந்த வயதில் வேறு என்ன வேலை தெரியும்?

எவை சிவப்பு என்று மட்டும் சொல்லிவிடு. பிரசுரத்தில் உன் பெயரைப் போடுகிறேன். உன் காலில் விழுகிறேன்.

உன் தங்கை

*

மார்ச் 10

அன்புள்ள சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. பரீட்சைக் கூடத்தில் காவலுக்கு நிற்பவர்கள் விடை சொல்லித் தருவதில்லை. இன்னும் நேரமிருக்கிறது, நிதானமாக எழுது என்று மட்டும்தான் சொல்வார்கள்.

இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. நிதானமாக எழுது.

உன் அக்கா

*

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் கடைசிக் கடிதத்தை நான்காகக் கிழித்தேன். பிறகு ஒட்டி வைத்துக்கொண்டேன். மார்ச் 20 அன்று நானே சுற்றுலா அலுவலகத்துக்குப் போனேன். விளக்குக்காரி கற்பனை, படிவத்தில் நான் எழுதியது பொய் என்று சொன்னேன். தலைமை அதிகாரி, "பலகை வார்த்தாச்சேம்மா" என்றார். அவருக்கு அதுதான் கவலை. நானாக வந்து சொன்னதால் ரத்து செய்யவில்லை. மூன்று மாதம் நிறுத்திவைத்தார். பலகையை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். இப்போது சமையலறையில் கேஸ் அடுப்புக்குப் பின்னால் எண்ணெய் தெறிக்காமல் நிற்கிறது. விளக்குக்காரி கடைசியில் ஒரு வேலைக்குப் பயன்பட்டாள்.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும். இரு, இன்னும் முடியவில்லை.

மூன்று மாதமும் ஆவணக் காப்பகத்தில்தான் இருந்தேன். திங்கள் முதல் வெள்ளி, பத்து முதல் ஐந்து. அங்கே பதிவேடு எடுத்துத் தருகிற அம்மாள் முதல் வாரம் என்னை முறைத்தாள். இரண்டாம் வாரம் தன் மூக்குக்கண்ணாடியைக் கடன் கொடுத்தாள். மூன்றாம் வாரம், "வரலாத்துல பெரிய படிப்பா நீங்க?" என்று கேட்டாள். "எட்டாவது பெயில்" என்றேன். "அதான் இவ்ளோ கவனமா படிக்கிறீங்க" என்றாள். உன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எட்டு சிவப்பு என்று எழுதியிருந்தாய் அல்லவா? எண்ணிப் பார்த்தேன். தவறானவை பதினொன்று இருக்கின்றன.

கடைக்காரர் தந்த நகலில் எல்லாம் கறுப்புதான். ஆனால் எது உன் கற்பனை, எது உன் தவறு என்று இப்போது எனக்குப் பிரிக்கத் தெரியும். நீ கதை கட்டினால் அதில் ஒரு ஆள் வந்து நிற்பார், அழுவார், காத்திருப்பார். நீ தவறு செய்தால் அதில் ஆள் இருக்க மாட்டார். எண்ணும் ஆண்டும் மட்டும்தான் இருக்கும். எட்டில் ஆள் இருக்கிறார். மூன்றில் இல்லை.

அந்த மூன்றையும் நீல மையில்தான் எழுதியிருப்பாய். வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பரீட்சையில் கேட்டு, மாற்றி எழுதியவர்களுக்கு மார்க்கும் குறைத்திருப்பாய்.

எந்த மூன்று என்று சொல்ல மாட்டேன்.

ஆவணக் காப்பகம் திங்கள் முதல் வெள்ளி வரை திறந்திருக்கும். காலை பத்து முதல் மாலை ஐந்து. மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை.

நாளை முதல் மறுபடியும் சுற்றுலா ஆரம்பிக்கிறேன். புதிய துண்டுப் பிரசுரம் இத்துடன் இருக்கிறது. 'மூலக் குறிப்புகள்: என் அக்கா. திருத்தம்: நான்.' எழுத்தின் அளவு இரண்டுக்கும் ஒன்றுதான், அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை

*

ஜூலை 9

அன்புள்ள சின்னவளுக்கு,

அளவுகோல் வைத்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

ஒரு வாரமாக மூன்று நோட்டுகளையும் மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். சுங்கக் கட்டடத்தின் ஆண்டா? கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டு எண்ணிக்கையா? ஒரு பக்கத்தில் அது இருநூற்று நான்கு என்று இருக்கிறது. நான் எண்ணியதா, யாரோ சொன்னதா, ஞாபகமில்லை. நீலமாகத்தான் இருக்கிறது. நீலத்தைப் பார்த்துப் பயப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை. வருடத்துக்கு நாற்பது பிள்ளைகள். இப்போது யார் யாரோ, எங்கெங்கோ, நான் தப்பாகச் சொன்னதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சரி என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். மருமகள் நேற்று, "என்ன அத்தை, பழைய நோட்டை இப்படி முறைக்கிறீங்க?" என்றாள். "பரீட்சைக்குப் படிக்கிறேன்" என்றேன். சிரித்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் சிரிப்பாள் போலிருக்கிறது. இந்த முறை அது எனக்கும் உறைத்தது.

மூன்றாம் மாடி என் முழங்காலுக்கு ஆகாது. அது தெரிந்துதான் லிஃப்ட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். என் தங்கைதான் நீ, சந்தேகமே இல்லை.

ஆகவே 18ஆம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு ஒருவருக்கான தனிச் சுற்றுலா பதிவு செய்யவும். இந்த முறை என் பெயரிலேயே. முப்பத்தொரு நிறுத்தங்களிலும் திருத்திய பாடத்தை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். எதையாவது தாண்டிப் போனால் கைத்தடியால் தரையைத் தட்டுவேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அதற்காக வரவில்லை. விடைத்தாளைப் பார்க்க வருகிறேன். கடிகாரக் கோபுரத்தில் மட்டும் அந்த இடைவெளியை நீ வைத்துக்கொள்.

நான் உன் பின்னால்தான் நடப்பேன், மெதுவாகத்தான் நடக்க முடியும். திரும்பித் திரும்பிப் பார்க்காதே.

தண்ணீரை நான் எடுத்து வருகிறேன்.

உன் அக்கா