கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பும் கப்பல்

செவ்வாய், வைகாசி 8

வெயில். காலையிலேயே திருநகர் முழுக்கத் தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது. கறுப்பு ஷூவுக்கு பாலிஷ். வெள்ளைக் கோட்டில் பொத்தான் ஒன்று இல்லை, கோமதியிடம் சொல்ல வேண்டும்.

தெருமுனை மருந்துக்கடைக்கு எனக்கு வெளியூர் ட்ரங்க் கால். கப்பலுக்கு ஆள் எடுக்கும் மெட்ராஸ் ஏஜென்ட். புதுக் கம்பெனியில் சாப்பாட்டு ஹாலில் பரிமாறும் ஸ்டூவர்ட் இடம் காலியாம். அடுத்த செவ்வாய்க்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பழைய கம்பெனி பினாங்குக் கப்பலை நிறுத்திவிட்டது. எல்லோரும் விமானம் ஏறப் போய்விட்டார்கள். எனக்குச் சரக்குக் கப்பலில் இடம் தருகிறார்களாம். பன்னிரண்டு மாதம். புதுக் கம்பெனி என்றால் ஆறே மாதம், உல்லாசக் கப்பல், வெள்ளைக்காரர்கள்.

கோ.வுக்கு விளக்கப் போய் நானே குழம்பியதுதான் மிச்சம்.

“அந்தக் கப்பல் எங்க போகும்?”

“நாலஞ்சு தீவைச் சுத்திட்டுக் கிளம்புன எடத்துக்கே வந்துரும்.”

“அப்புறம் எதுக்குப் போறாங்க?”

“சும்மாதான்.”

“சும்மாவா இம்புட்டுப் பேரு?”

எங்கள் கப்பலில் ஏறுகிறவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும். மகள் பிரசவம், அண்ணன் கடை, செத்தவர் சொத்து. பாதிப் பேர் அழுதுகொண்டேதான் ஏறுவார்கள். காபி கொடுத்தால் போதும், அடங்கிவிடுவார்கள். சும்மா ஏறுகிறவர்களுக்கு என்ன கொடுப்பது?

புதன், 9

புழுக்கம். மேகம் கூடிக் கலைந்தது.

கோ.வை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். நாலாம் மாதம். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். கோ. நம்பவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் கப்பல்காரன் என்று தெரிந்ததும் வரிசையில் ஒரு பெண்: “ஆம்பளைக ஊர்ல இருந்து மட்டும் என்னத்தக் கிழிக்கிறாக?” எல்லோரும் சிரித்தார்கள். கோ. சிரிக்கவில்லை.

முந்தின பிள்ளை தங்காதபோது நான் பினாங்கில். கப்பலின் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் பர்சர் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, தந்தியை அவரே படித்துச் சொன்னார். நான்கு நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார். ஹாலில் எனக்குப் பதிலாக அவரே நின்றாராம். பிறகுதான் தெரியும்.

ஏஜென்ட் சொன்னவை, மறக்காமல் இருக்க:
— மீசை கூடாது.
— பயணி கூப்பிட வசதியாகச் சின்னப் பெயர்.
— இருவருக்கு ஓர் அறை, மெத்தை.
— எப்போதும் புன்சிரிப்பு. (இதை இரண்டு முறை சொன்னார்.)

மொக்கச்சாமியிடம் கேட்டுவிடுவது நல்லது. எழுமலைக்காரன், பத்து வருடம் என்னோடு ஒரே ஹாலில் நின்றவன், போன வருடமே அந்தக் கம்பெனிக்கு மாறியவன். இப்போது லீவில் ஊரில் இருக்கிறானாம்.

வெள்ளி, 11

எழுமலை போய் வந்தேன். தி.மங்கலத்தில் ஒரு பஸ், உசிலையில் இன்னொன்று. வழியெல்லாம் காய்ந்த கரிசல். முதுகெல்லாம் வியர்க்குரு.

மொ. வாசலுக்கே ஓடிவந்து கட்டிக்கொண்டான். உள்ளே அவன் அய்யா படம், மாலையோடு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“எப்ப மாப்ள?”

“நான் கப்பல்ல இருந்தப்ப. விடு. நீ அந்தக் கம்பெனியைப் பத்திக் கேளு.”

கேட்டேன். சாப்பாடு நம் கல்யாண வீடு தோற்றுவிடுமாம். மெத்தையில் படுத்தால் எழ மனசு வராதாம். கப்பலுக்குள் நீச்சல் குளம். “கடல்ல மெதக்குற கப்பலுக்குள்ள ஒரு கொளம், யோசிச்சுப் பாரு!” அங்கே அவன் பெயர் மேக்ஸ். பித்தளைத் தகட்டில் அடித்துச் சட்டையில் குத்திவிட்டார்களாம். “கண்ண மூடிக்கிட்டுப் போ மாப்ள. நானும் அடுத்த மாசம் போயிருவேன்.”

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்குக் கடா மீசை. மீசை கூடாதே என்றேன். லீவுதானே, போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றான்.

பஸ்ஸுக்கு நின்றபோது அவன் மனைவி பேச்சி மூச்சு வாங்க வந்தாள். மறந்துவிட்ட குடையைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை.

“அண்ணே, அவரைத் திரும்ப அங்க கூட்டிட்டுப் போயிறாதீங்க.”

“அவனே போறேங்கிறானே?”

“சொல்லிக்கிட்டேதான் இருக்காரு. பங்குனியில இருந்து சொல்றாரு.”

பஸ் வந்துவிட்டது.

சனி, 12

தலைவலி. பேச்சி சொன்னது புரியவில்லை. அவ்வளவு நல்ல கப்பல் என்றால் பங்குனியிலிருந்து ஏன் உட்கார்ந்திருக்கிறான்?

ஏஜென்டுக்கு நானே கால் போட்டேன். லைன் கிடைக்க அரை நாள். மருந்துக்கடை அண்ணன் முகம் சுளித்துவிட்டார், ஒரு டானிக் பாட்டில் வாங்கிச் சமாதானம்.

இடம் எப்படிக் காலியானது என்று கேட்டேன்.

“உங்க பக்கத்து ஆள்தான் சார். பாதியில எறங்கிட்டார். மேக்ஸ்னு பேரு.”

போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றிருக்கிறேன். அண்ணன், “இன்னும் எதுவும் வேணுமா தம்பி?” என்றார்.

அப்படியானால் மொ.வின் இடத்துக்குத்தான் நான். ஏன் மறைத்தான்? பொறாமை என்றால் போகாதே என்றல்லவா சொல்லியிருப்பான்? கோ.விடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. “ஏன் எறங்குனாருன்னு கேட்டீங்களா?” கேட்கவில்லை. எதை எதையோ கேட்டேன், அதைக் கேட்கவில்லை.

ஞாயிறு, 13

காற்று. தெரு முழுக்கப் புழுதி. கோ. வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோதே மொ. வந்து நின்றான். கையில் ஒரு பை மாங்காய்.

“பேச்சி சொன்னா, உங்கிட்டப் பேசிட்டேன்னு. அதான் வந்தேன்.”

மோர் குடித்தான். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னான்.

“அய்யா செத்த தந்தி காலையிலேயே வந்துருச்சு மாப்ள. அன்னைக்குக் கப்பல்ல பெரிய விருந்து. ஹெட் ஸ்டூவர்டு தந்தியைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டே இருந்திருக்கான். நான் காகிதக் குல்லாவ மாட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, கேக்கு வெட்டிக் குடுத்துக்கிட்டிருந்தேன். எல்லாம் முடிஞ்சப்புறம் கூப்பிட்டு நீட்டுறான். ஏன்யா காலையில சொல்லலைன்னேன். சொல்லியிருந்தா நீ சிரிச்சிருப்பியான்னு கேக்குறான்.”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“அடுத்த துறைமுகத்துல எறங்கிட்டேன். வந்து சேர்றதுக்குள்ள கருமாதியே முடிஞ்சிருச்சு.”

“எங்கிட்ட ஏன்டா அம்புட்டுப் பெருமையாச் சொன்ன?”

“பொய் இல்லையே. சாப்பாடு நெசம், மெத்தை நெசம், ஆறு மாசம் நெசம். இத மட்டும் சொல்ல வாய் வரல. ஊர்க்காரங்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? சிரிக்கச் சொன்னாங்க, வந்துட்டேன்னா?”

அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மாங்காய்களை எடுத்துத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கோ. வந்து, “இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும் அண்ணே” என்றாள். சாப்பிட்டான். போகும்போது என் தோளைத் தொட்டு, “ஒனக்கு அப்படி ஆகணும்னு இல்ல மாப்ள. நீ போ” என்றான். இது எதற்கு? போகாதே என்றால் முடிந்துபோயிருக்கும்.

திங்கள், 14

மழை வரும் போல இருந்தது. வரவில்லை.

மொ.வுக்கு நடந்தது எனக்கும் நடக்குமா? அந்த ஹெட் ஸ்டூவர்ட் இன்னும் அதே கப்பலில்தான் இருப்பானா? சரக்குக் கப்பலில் மட்டும் எல்லோரும் நம் பர்சர் போல இருப்பார்களா? தெரியாது.

கோ.விடம் கேட்டேன். “ஆறு மாசம்னா ஒரு மாசப் புள்ளையத் தூக்குவீங்க” என்றாள். சரி, போகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு, உலையில் அரிசி போட்டுக்கொண்டே: “ஆனா போன தடவ மாதிரி ஆச்சுன்னா?”

கண்ணாடி முன் மீசையை விரலால் மறைத்துப் பார்த்தேன். வேறு யாரோ. கோட்டுக்குப் பொத்தான் தைத்தாகிவிட்டது. எந்தக் கப்பலுக்கு என்று கேட்காமலே தைத்திருக்கிறாள்.

செவ்வாய், 15

மறுபடி வெயில்.

கோ.வும் வருகிறேன் என்றாள். மருந்துக்கடை வரை நடந்தே வந்தாள். அண்ணன் அவளுக்கு ஸ்டூல் போட்டார். லைன் கிடைத்தது.

“என்ன முடிவு, சுந்தரம் சார்?”

வாயெடுப்பதற்குள் கோ. எழுந்து கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்க வேண்டாமோ? அவள் போனில் பேசியதே கிடையாது. கேட்கும் பக்கத்தை வாயில் வைத்தாள், அண்ணன் திருப்பிக் கொடுத்தார்.

“நான் அவரு சம்சாரம் பேசுறேன். வீட்டுல ஒண்ணுன்னா அவருக்கு எப்பச் சொல்லுவீங்க?”

பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. “கவலைப்படாதீங்கம்மா, கப்பலுக்குத் தந்தி போயிரும்.”

“கப்பலுக்குப் போயிரும். அவருக்குப் போகுமா?”

ஏஜென்ட், அதெல்லாம் கப்பலில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள், தன் கையில் இல்லை, இன்றைக்கே பெயர் அனுப்ப வேண்டும், உண்டா இல்லையா என்றார். கோ. போனை என் கையில் திணித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, இருமல் மருந்துப் பாட்டில்களைப் பார்த்தாள்.

“இல்ல சார்” என்றேன். இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பழைய கம்பெனிக்குத் தந்தி கொடுத்தேன். சரக்குக் கப்பலுக்குச் சம்மதம், மொக்கச்சாமிக்கும் ஓர் இடம் கேட்டு. அவனிடம் கேட்காமலே கேட்டிருக்கிறேன். கோபிப்பானோ என்னவோ.

சரியா தப்பா தெரியவில்லை. ஆறு மாதத்தைக் கொடுத்துப் பன்னிரண்டு மாதத்தை வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்தோம். பூட்டைத் திறக்கும்போது கோ., “நீங்க வாரப்ப புள்ள தவழும். ஒங்களப் பாத்தா அழும்” என்றாள்.

“கோவமா?”

“தெரியல.” சாவியை ஆணியில் மாட்டினாள். “மொதல்ல புள்ள நல்லபடியா வரட்டும். அப்புறம் நீங்க வாங்க. அழுதா நான் பாத்துக்கிறேன்.”