என் முதுகிடம் பேசியவள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் மறுபடியும் மக்கர். பக்கத்து வீட்டில் ஒரு வாளி வாங்கி முகம் கழுவிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். எங்கள் நாடகக் குழுவை நடத்துகிறவர், நாடகத்தை எழுதியவரும் அவரே. வயதில் என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் வாத்தியார்.

"நம்ம நாடகத்தைப் படமா எடுக்கக் கேக்குறாங்க" என்றார்.

ஒரே அறை, இரண்டே பேர். அதையா படம் எடுக்கப் போகிறார்கள்? வீட்டைக் காலி செய்கிற நாள். கோபித்துக்கொண்டு போன மகள் பல வருடம் கழித்து வந்து நிற்கிறாள். அம்மா துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே இருக்கிறாள், திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவுதான் கதை. ஒன்பது வருடமாக நான் அந்த அம்மா. அந்த மகளாக நடிப்பது என் சொந்த மகள்.

"அவகிட்ட நீங்களே சொல்லி..." என்று ஆரம்பித்த வாத்தியார் பாதியில் நிறுத்திக்கொண்டார். குழுவில் எல்லோருக்கும் தெரியும். மேடையை விட்டு இறங்கிவிட்டால் அவள் என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நாடகம். வழக்கம்போல அவள் தனியாக வந்தாள், நான் தனியாகப் போனேன். ஒப்பனை அறையில் ஒரே கண்ணாடி. "அம்மாவுக்குச் சீப்பு வேணுமான்னு கேளுங்கக்கா" என்று மேக்கப் போடுகிற பெண்ணிடம் சொன்னாள். "வேணாம்னு சொல்லு" என்றேன் நான். பாவம் அந்தப் பெண், இரண்டு நாட்டுக்கு நடுவில் மாட்டிய தூதர் மாதிரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு திரை ஏறியது. அவள் உள்ளே வந்து "அம்மா" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இன்னும் நடிக்கிறேனோ?

அவளுடைய பெரிய வசனம் என் முதுகைப் பார்த்துத்தான். நான் மேடையின் முன்னால் ஜனங்களைப் பார்த்துத் துணி மடித்துக்கொண்டிருப்பேன், அவள் எனக்குப் பின்னால் நின்று பேசுவாள். "திரும்பிப் பாரேம்மா. திட்டுறதுக்காவது திரும்பு" என்று முடிப்பாள். நான் திரும்ப மாட்டேன். "பெட்டி கனமா இருக்கு, ஒரு கை பிடி" என்பேன். அதற்குத்தான் ஜனங்கள் மூக்கை உறிஞ்சுவார்கள்.

என் வீட்டுக்காரர்தான் எங்களுக்கு விளக்கு போடுவார். அந்த இடத்தில் என் கைகளில் மட்டும் வெளிச்சம் விழும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவருக்கு அதே கவலை, யார் விளக்கு போடுவார்கள் என்று. அன்றைக்கு டிக்கெட் எல்லாம் விற்றிருந்தது. "போயிட்டு வாங்க ரெண்டு பேரும். நான் எங்க போயிடப் போறேன்" என்றார். போனோம். இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தபோது அவர் போய்விட்டார்.

பத்திரிகையில் என் கடமை உணர்ச்சியைப் புகழ்ந்து எழுதினார்கள். அவள் அதைக் கிழித்து என் காலடியில் போட்டாள். "நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்க. நீ சொல்லலை." அந்த மாதமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

சரியா, தப்பா? இன்று கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. போகச் சொன்னது அவர். போனது நான். கூட வந்தது அவள்.

மார்ச் 21, வெள்ளி

சினிமா டைரக்டர் வீட்டுக்கு வந்தார். சின்னப் பையன், என் மகள் வயதுதான் இருக்கும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"மகளா உங்க பொண்ணுதான் மேடம். அதுல மாத்தமே இல்ல. ஆனா அம்மாவுக்கு... ஒரு பெரிய பேர் இருந்தாத்தான் படத்தை விக்க முடியும்."

"அதுமட்டுந்தானா?"

டீ தம்ளரைக் கையில் சுற்றினார். "உங்க முகம் மேடைக்குப் பழகின முகம். கேமராவுக்குக் கிட்டத்துல பார்த்தா ரொம்ப சத்தமா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்று வளர்த்த முகம்! இப்போது சத்தமாம். "டீ ஆறுது, குடிங்க" என்றேன். நல்ல பையன்தான். பொய் சொல்லத் தெரியாததால் கஷ்டப்படுகிறான்.

அவள் ஒப்புக்கொண்டுவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. அவர் பேச்சிலேயே தெரிந்தது.

மார்ச் 22, சனி

எல்லாப் பாத்திரத்தையும் இறக்கி வைத்துத் தேய்த்தேன். சுத்தமாக இருந்ததையும்.

ஏப்ரல் 2, புதன்

வாத்தியார் வந்தார். படம் வெளிவரும்வரை மேடையில் போடக்கூடாது என்று ஒப்பந்தமாம். அதற்கப்புறம் யார் பார்க்க வருவார்கள்? இந்த மாதக் கடைசியோடு நாடகம் முடிகிறது.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொண்ணு. அந்தப் பெரிய நடிகைக்கு வசனமும் நடையும் நீங்க சொல்லிக் குடுக்கணும்னு கேக்குறாங்க" என்றார்.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். என் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு, அதை எப்படிப் பிடிப்பது என்று என்னிடமே பாடம் கேட்கிறீர்களா? வெட்கமாக இல்லையா? அவர் எழுந்தார். செருப்பை மாட்டும்போது மட்டும், "உங்க பொண்ணு ரெண்டு மாசம் அங்கதான் இருப்பா" என்றார்.

அந்த ஆள் சும்மாவா நாடகம் எழுதுகிறார்.

நாடகமும் நின்றுவிட்டால் அவள் குரலை நான் எங்கே கேட்பேன்? வருகிறேன் என்று சாயங்காலம் சொல்லியனுப்பினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கடைசி நாடகம். கைதட்டு ஓயவேயில்லை. கைகோத்து வணங்கும்போது அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. திரை இறங்கியதும் கையை எடுத்துக்கொண்டாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு "வரேன்" என்று அறைக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். நாற்காலிக்குச் சொன்னாளோ, எனக்குச் சொன்னாளோ.

மே 6, செவ்வாய்

பெரிய நடிகையை வெறுக்கலாம் என்று ஆசையோடு போனேன். முடியவில்லை. கதவைத் திறந்ததுமே "அக்கா, எனக்குத் துணி மடிக்கவே தெரியாது. எங்க வீட்ல சிரிப்பாங்க" என்றாள். போர்வையை எப்படி உதறுவது, மூலையை எப்படிச் சேர்ப்பது என்று காலை முழுக்க அதுதான். ஒரு தடவை அவளாகவே பாதி மடித்த துணியை முகத்தருகே கொண்டுபோய், மோந்து பார்த்து, சட்டென்று கீழே வைத்தாள். ஒன்பது வருடத்தில் எனக்கு அது தோன்றியதே இல்லை. பொறாமையாக இருந்தது. நல்ல நடிகை.

மே 17, சனி

படப்பிடிப்பு ஆரம்பம். கொட்டகைக்குள் எங்கள் அறையைக் கட்டியிருக்கிறார்கள், மேடையில் ஜனங்கள் பக்கம் திறந்தே இருந்த நான்காவது சுவரோடு. அந்தச் சுவரால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

மகள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் எதிர்மேசையில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

ஜூன் 3, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும்.

இன்று அந்தப் பெரிய வசனம். மதியத்துக்குள் நடிகையின் பங்கை எடுத்து முடித்தார்கள். அவளுக்கு வேறு படம் இருந்தது, கிளம்பிவிட்டாள். மீதி இருந்தது என் மகளின் முகம், கிட்டத்தில். எதிரே அம்மா இல்லை. உதவி டைரக்டர் பெண் காகிதத்தைப் பார்த்து அம்மாவின் வசனத்தைப் படித்தாள், பஸ் வரும் நேரத்தை அறிவிக்கிற மாதிரி. என் மகள் ஒரு தடவை செய்தாள். மறுபடியும் செய்தாள். "வரலை சார். என்னால முடியல" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "மேடம், கேமரா பக்கத்துல நின்னு நீங்க வசனம் குடுக்கிறீங்களா? உங்க குரல் படத்துல வராது, சும்மா அவங்களுக்காக."

அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

போய் நின்றேன். மடிக்கத் துணி இல்லை. கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஆக்‌ஷன்" என்றார்கள்.

ஒன்பது வருடம் என் முதுகு கேட்ட வசனம். எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், எந்தச் சொல்லில் குரல் உடையும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். முகம் மட்டும் தெரியாது. நான் பார்த்ததே இல்லை! எப்படிப் பார்ப்பேன்? நான்தான் ஜனங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேனே.

"நீ மடிக்கிற துணியில ஒண்ணுகூட என்னோடது இல்லையாம்மா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். சின்ன வயதில் ஊசி போடும்போது அழக்கூடாதென்று செய்வாளே, அதே மாதிரி. ஒவ்வொரு நாளும் இப்படித்தான் செய்தாளா? அல்லது இன்றைக்கு மட்டுமா? என் பின்னால் இது இத்தனை வருடமாக நடந்துகொண்டிருந்ததா?

"திரும்பிப் பாரேம்மா. திட்டுறதுக்காவது திரும்பு."

நான் பார்த்துக்கொண்டுதானடி இருக்கிறேன்.

அடுத்தது என் வசனம். வரவில்லை. பத்து வயதிலிருந்து மேடை ஏறுகிறேன், காய்ச்சலில் நடித்திருக்கிறேன், ஒரு வரியைத் தவறவிட்டதில்லை. இன்று வாய் திறக்கவில்லை. அவள் காத்திருந்தாள். கண்ணை எடுக்கவேயில்லை. அவள் முகத்தில் முதலில் கோபம், அப்புறம் பயம், அப்புறம் எனக்குப் பேர் தெரியாத ஏதோ ஒன்று. டைரக்டர் நிறுத்தாமல் விட்டுவிட்டார்.

கடைசியில் "கட்" என்றார். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். நான் வசனத்தை மறந்த வெட்கத்தில் ஒப்பனை அறைக்குள் போய் உட்கார்ந்தேன்.

அவள் வந்தாள். கதவைச் சாத்தினாள். பஞ்சை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள். மூன்று வருடத்தில் முதல் தடவை, யாரும் எழுதித் தராமல்.

"அம்மா, அப்பா போன அன்னைக்கு நான் எப்படி நடிச்சேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அன்னைக்கு மாதிரி நான் என்னைக்குமே நடிச்சதில்ல. கைதட்டு கேட்டப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம். அப்பா ஞாபகமே வரலைம்மா. இறங்கி வந்தா, அவர் இல்லைன்னு சொல்றாங்க." பஞ்சு அவள் கையில் கறுப்பாகிவிட்டது. "அந்தச் சந்தோஷத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்க? அதான் எல்லாத்தையும் உன் தலையில தூக்கி வெச்சேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அம்மாக்கள் சொல்வார்கள். ஆனால் என்ன சொன்னாலும் மேடை வசனம் மாதிரி இருந்திருக்கும். அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

"எனக்கும்தான்டி. எனக்கும் அன்னைக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடியை விட்டுத் திரும்பி நேராகப் பார்த்தாள். இரண்டு பேரும் அழவில்லை. மேக்கப் போடுகிற பெண் கதவைத் தட்டியபோது, "பஞ்சு தீந்துபோச்சுக்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 4, புதன்

எதிர்மேசையில் உட்காரவில்லை. என் மேசையில் உட்கார்ந்தாள். சாப்பாடு உப்புச் சப்பில்லாமல் இருப்பதாகச் சொன்னாள். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

படம் வெளிவந்துவிட்டது. முதல் நாள் கூட்டத்தோடு போகவேண்டாம் என்று ஒரு வாரம் பொறுத்து, மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருந்தாள். பாதிக்கு மேல் காலி. முன்வரிசையில் ஒரு வயதான அம்மாள் தன் மகளோடு வந்திருந்தாள். படம் ஓடும்போதே "இவ எதுக்கு அழுறா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பெரிய நடிகை துணியை மோந்து பார்க்கிற இடத்தில் நானே முன்னால் சாய்ந்துவிட்டேன். பிறகு என் மகளின் முகம் திரை முழுக்க வந்தது. அந்த நீண்ட மௌனத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். அவள் யாரைப் பார்க்கிறாள் என்று அந்த அரங்கில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவள் என் பக்கம் திரும்பவில்லை. முழங்கையை மட்டும் நாற்காலிக் கையில் என் முழங்கையோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"ஆரம்பத்துல கொஞ்சம் அவசரப்பட்டுட்ட."

"உனக்கெல்லாம் நாக்குல தேனைத் தடவினாலும் இப்படித்தான் வரும்" என்றாள். பஸ் ஏறும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வாத்தியார் புது நாடகம் எழுதுகிறாராம். நான் மட்டும் நடிக்கிற மாதிரி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மத்தியானம் அவள் வந்தாள், அடுத்த படத்தின் கதையைச் சொல்ல. கதையா அது! பாதியிலேயே "இது உனக்கு வேண்டாம்" என்றேன். "உன்கிட்ட யாரு சம்மதம் கேட்டா? சும்மா சொல்ல வந்தேன்" என்றாள். பின்னே எதற்குச் சொல்கிறாய் என்று நான். எல்லாவற்றிலும் நீதான் முடிவு பண்ணவேண்டுமா என்று அவள். ஒன்றிலிருந்து இன்னொன்று. அப்பா இருந்திருந்தால் என்றுகூட வந்துவிட்டது. நானும் விடவில்லை. தெருவுக்கே கேட்டிருக்கும். "உன்கிட்ட மனுஷி பேசுவாளா!" என்று கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான், இனி வரமாட்டாள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சடசடவென்று மழை. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தலையெல்லாம் நனைந்திருந்தது. "குடை எங்க வெச்சிருக்க?" என்றாள், இன்னும் கோபமாகவே.

"கதவுக்குப் பின்னால."

குடையை எடுத்தாள். வாசலில் நின்று மழையைப் பார்த்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். துண்டு கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். நான் டீ போடப் போனேன். அவள் குடையை மடியில் வைத்துக்கொண்டு குடித்தாள்.

மழை விட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.