மூன்றாவது வரிசையை அமுக்கிவிட்டேன்

கிள்ளான்
14.11.1993

ரசியா குட்டி, அஸ்ஸலாமு அலைக்கும்.

கோத்தா கினபாலுவில் நீயும் உன் அம்மாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இங்கே ரொட்டிக் கல்லுக்குப் பின்னால் நிற்கிற அத்தா அஞ்சு வேளையும் துஆ கேட்கிறேன். அஞ்சு வேளை என்பது பொய். மூன்று வேளை. இந்தக் கடிதத்தில் பொய் எழுதக் கூடாது என்று முடிவு பண்ணித்தான் உட்கார்ந்தேன், அதனால் முதல் வரியிலேயே திருத்திவிடுகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஜெய்னுதீன் அண்ணன் கடையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது, நான் ஒரே இடத்தில் இவ்வளவு நாள் நின்றது இதுதான் முதல் தடவை. தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் நாலு மாதம்கூடத் தாங்கவில்லை, உனக்கே தெரியும். கடைக்கு மேலேயே எனக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார். ஒரு கட்டில், ஒரு ஃபேன், டிவி, உன் கேம் மிஷின். மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஐந்து வரை கூட்டம் இருக்காது, அப்போது மேலே போய்ப் படுப்பேன்.

சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு, நேராகச் சொல்கிறேன். உன் கேமை அழித்துவிட்டேன். கேசட் இருக்கிறது, மிஷின் இருக்கிறது, உள்ளே நீ மூன்று வருஷமாக ஆடிச் சேர்த்து வைத்தது ஒன்றும் இல்லை. முதல் இடத்தில் உன் பெயர் இருக்குமே, அது காலி.

எப்படி என்று கேட்பாய். போன மாதம் நீ போன் பண்ணி, அத்தா, இங்க புது மிஷின் வாங்கியிருக்கோம், அந்தக் கேசட்ட மட்டும் போஸ்ட்ல அனுப்பிடுங்க என்று சொன்னாய் இல்லையா. சரிம்மா என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. டிசம்பர் லீவுக்கு இங்கே வருகிற பிள்ளை எதற்குக் கேசட்டைக் கேட்க வேண்டும். வருகிறாயா இல்லையா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அனுப்புவதற்கு முன்னால் உனக்குப் பிடித்த இடத்தையெல்லாம் ஒரு தடவை நடந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. உன்னுடையதில் நடந்தால் ஏதாவது கெடுத்துவிடுவேன், அதனால் அதை அப்படியே ஒரு காப்பி எடுத்து இரண்டாவது இடத்தில் போட்டு, அதில் நடக்கலாம் என்று நினைத்தேன். எல்லாம் ஜப்பான் எழுத்து. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் வாங்கிய கேசட்டில் வேறு என்ன இருக்கும். நீ எனக்கு எண்ணித்தான் சொல்லிக் கொடுத்திருந்தாய், இரண்டாவது வரிசை காப்பி, மூன்றாவது வரிசை பக்கமே போகாதீங்க அத்தா என்று. எனக்கு மூன்றாவதுதான் காப்பி என்று மனசில் பதிந்திருந்தது. அமுக்கினேன். ஏதோ கேட்டது. இரண்டு பதில் இருந்தது. பொறுமை இல்லாமல் மேலே இருந்ததை அமுக்கினேன். ஒரு சின்னச் சத்தம்தான் வந்தது, அவ்வளவுதான்.

கீழே போய்ச் சொன்னதும் டீ கலக்குகிற பாலன் சிரித்தான். பேட்டரி செத்துப்போச்சுன்னு சொல்லிட்டுப் போயேன்லா, பத்து வயசுப் புள்ளைக்கு என்ன தெரியப் போவுது என்றான். அவன் சொன்னது நல்ல யோசனைதான், அந்தக் கேசட்டுக்குள் உண்மையிலேயே பேட்டரி இருக்கிறது, அதுவும் சாகும், செத்தால் சேர்த்து வைத்ததெல்லாம் போய்விடும். ஜெய்னுதீன் அண்ணன் மட்டும் மாவைத் தட்டிக்கொண்டே, நீ அந்தப் புள்ளைகிட்ட இதுவரைக்கும் சொன்ன பொய்யெல்லாம் எண்ணிப் பாத்தியாடா கௌஸ், இன்னும் ஒண்ணுக்கு இடம் இருக்கா என்றார். எண்ணிப் பார்த்தேன். இடம் இல்லை.

அதற்காக உடனே எழுதிவிடவில்லை. முதலில் திருட்டுத்தனமாகத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று பார்த்தேன். பதினொரு மத்தியானம் தூங்காமல் ஆடினேன். ஆரம்பத்திலேயே மாட்டிக்கொண்டேன். பெயர் போடச் சொல்கிறது. நீ எழுத்துத் தெரியாமல் வடிவம் பார்த்து மூன்று எழுத்து போட்டிருந்தாயே, ஒன்று நாற்காலி மாதிரி, ஒன்று தூண்டில் மாதிரி, ஒன்று கோழி மாதிரி. நாற்காலியைக் கண்டுபிடித்துவிட்டேன். தூண்டில் மாதிரி நாலு இருக்கிறது. கோழி எங்கேயும் இல்லை. சரி, எதையோ போட்டு உள்ளே போனேன். பாசார் என்று நீ பெயர் வைத்த கிராமம் வந்தது, மீன் விற்கிற கிழவனும் அதே இடத்தில் நிற்கிறான். ஆனால் அவனுக்கு நம்மைத் தெரியவில்லை. உன் கேமில் அவன் துள்ளிக் குதிப்பான், இதில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மழைக் காட்டுக்குப் போனேன். போன வருஷம் உன் அம்மாவுக்கு மறு நிக்காஹ் ஆகிற வரை நீ பிரிக்பீல்ட்ஸில் பெரியம்மா வீட்டில் இருந்தபோது சனிக்கிழமை தோறும் மோட்டார் சைக்கிளில் என் பழைய அறைக்குக் கூட்டிக்கொண்டு வருவேனே, அப்போது இந்தக் காட்டில் மழை பெய்யத் தொடங்கினால் நீ ஓடிப்போய் ஜன்னலில் காய்கிற துணியை எடுப்பாய். எத்தனை தடவை சொன்னாலும் எடுப்பாய். நானும் எழுந்து ஜன்னலைப் பார்த்தேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அருவிக்குப் பின்னால் இருக்கிற அறை வரைக்கும் எப்படியோ போய்விட்டேன். பூனை அங்கேயே தூங்குகிறது. அந்த அறையில் எடுக்க ஒன்றும் இல்லை, அடிக்க ஒன்றும் இல்லை, எதற்கு இங்கே வந்து நிற்கிறாய் என்று உன்னிடம் கத்துவேன். இப்போது நானும் கொஞ்ச நேரம் நின்றேன். எதற்கு என்று இன்னும் தெரியவில்லை. அதற்கு அடுத்தது பெட்டாலிங் ஜெயா. எந்தப் பக்கம் போனாலும் திரும்பத் திரும்ப அதே மரம். உன் அம்மாவின் சிநேகிதி லெட்சுமி வீட்டைத் தேடி நிஜமான பெட்டாலிங் ஜெயாவில் நாம் மூன்று பேரும் ஒரே பெட்ரோல் ஸ்டேஷனுக்கு மூன்று தடவை வந்து நின்றோமே, அதனால் நீ வைத்த பெயர். அதைத் தாண்டுகிற வழி உனக்கு மட்டும்தான் தெரியும். நான் எப்போதாவது கவனித்திருந்தால்தானே. நீ இடது வலது என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போவாய், நான் சிகரெட் பிடிக்க வெளியே போயிருப்பேன். ஐந்து மத்தியானம் அங்கேயே சுற்றினேன். மலை உச்சிப் பாலத்துக்குப் போகவே முடியவில்லை. கோட்டைக்கும் போக முடியவில்லை.

அந்தக் கோட்டை வாசலில்தான் நீ கடைசியாக நிறுத்தியிருந்தாய். கையில் எல்லாச் சாமானும் இருந்தது. உள்ளே போய் அந்த அரக்கனை அடித்து முடித்துவிடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். முடிச்சிட்டா அப்புறம் எங்க போறது அத்தா என்பாய். எனக்கு எரிச்சல் வரும். ஆரம்பித்த எதையும் நான் முடித்ததில்லை, படிவம் இரண்டில் பள்ளிக்கூடப் பையைத் தூக்கி எறிந்தவன், உன்னைப் போய் அவசரப்படுத்தினேன். பதினெட்டு வயதில் உன்னைக் கையில் கொடுத்தார்கள். இன்றைக்கு இருபத்தெட்டு. நடுவில் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. உன் அம்மா என்னைப் பற்றி என்ன சொன்னாலும் நம்பு, அவள் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை.

கேசட்டை இந்தக் கடிதத்தோடு பழைய துண்டில் சுற்றி அனுப்புகிறேன். இரண்டாவது இடத்தில் நான் ஆடியது இருக்கிறது, வேண்டாம் என்றால் அழித்துவிடு, எந்த வரிசை என்று உனக்குத் தெரியும். நீ நினைத்தால் முதலிலிருந்து தொடங்கலாம். ஆனால் அது பழைய மாதிரி இருக்காது, அதைச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த நான் வரவில்லை. நீ அழுவாய். உன் அம்மா என்ன என்று கேட்பாள். நான்தான் என்று சொல்.

இனிமேல் இங்கே நீ வந்து பார்க்க ஒன்றும் இல்லை. முன்னால் கேமாவது இருந்தது. இப்போது நான்தான் இருக்கிறேன், எண்ணெய் வாடையும் ஒரு கட்டிலும். பத்து வயதில் யாராவது என்னைக் கூப்பிட்டிருந்தால் நானும் வந்திருக்க மாட்டேன். சுபாங் ஏர்போர்ட்டுக்கு உன்னை அழைக்க வருவதற்காக டிசம்பர் நாலாம் தேதி ஜெய்னுதீன் அண்ணனிடம் லீவு கேட்டு வைத்திருந்தேன், காலண்டரிலும் வட்டம் போட்டிருந்தார். இன்று காலை போய் வேண்டாம் அண்ணே, வேலைக்கு வரேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை எடுத்து வட்டத்தை அடித்துவிட்டார்.

டிவிக்குப் பக்கத்தில் உட்காராதே. ஐஸ் தண்ணீர் குடிக்காதே, உனக்கு உடனே தொண்டை கட்டும், அது அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடத்தை மட்டும் விட்டுவிடாதே, ஒரு நாள்கூட. அல்லாஹ் உனக்கு நல்ல மனசையும் நீண்ட ஆயுளையும் கொடுக்கட்டும், என் குணம் ஒன்றுகூட உனக்கு வராமல் பார்த்துக்கொள்ளட்டும். கேசட் வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது. மற்றது எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு உன் அத்தா. அந்த வீட்டிலும் நீ ஒருவரை அப்படிக் கூப்பிட வேண்டி வரும், அதனால் குழப்பம் வராமல் பெயரையும் போடுகிறேன்,

கௌஸ்