சிமெண்டில் நட்ட போர்டு

ஜனவரி 19, திங்கள். முதல் ஷாட் காலை 6.10. யூனிட்டில் 31 பேர். காது உள்ளவன் ஒருவன்.

பனி. மைக்கின் கம்பளி உறைகூட நனைந்துவிட்டது. மேக்கப்பில் ஹேர் டிரையர் கேட்டேன். “ஹீரோயினுக்கே ஒண்ணுதான் இருக்கு, உங்க மைக்குக்கு வேறயா?” என்றார்கள். அடுப்பு ஓரமாக வைத்து உலர்த்தினேன். சாம்பார் வாசனை.

வாராவாரம் ஒரு கொலை காட்டும் தொடர். இந்தக் கதை நான்கு வாரம். பண்ணையார் தன் வயலில் வெட்டுப்பட்டுக் கிடப்பார், இன்ஸ்பெக்டர் வருவார், சேற்றுக் காலடியை வைத்துக் கண்டுபிடிப்பார். செய்தது குத்தகைக்காரன். வழக்கமாக எல்லாமே சென்னையில் டப்பிங். இந்த முறை டைரக்டருக்கு லைவ் சவுண்டு ஆசை. அதனால் நான். மூன்று வருடம் ஒலிப்பதிவு படித்த என் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. “சவுண்டு” என்று கூப்பிட்டால் திரும்புகிறேன்.

நடிகர்களுக்குத் தாராசுரத்தில் லாட்ஜ். எங்களுக்கு இந்த ஊரிலேயே மிராசு வீடு. ஆள் இல்லாத பெரிய வீடு. சொந்தக்காரர் சாம்பசிவம் சென்னையில். அவருடைய காரியஸ்தர் கோவிந்தராஜ் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். வீடு, வயல் இரண்டும் வாடகை இல்லாமல். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. “இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!”

இன்று பதிவைக் கெடுத்தவை:
கட்சி மன்றத்து ஒலிபெருக்கிக் குழாய் (காலை ஐந்தரைக்கே தலைவர் பாட்டு, அப்புறம் பேச்சு)
டவுன் பஸ்
வாத்துக் கூட்டம், மேய்ப்பவனின் விசில்
போர்டு

போர்டுதான் மோசம். வரப்பு ஓரம் ஆர்ட் டைரக்டர் குணா ஒரு தகரப் போர்டு நட்டிருக்கிறான். காற்று பட்டால் படபடவென்று அடிக்கிறது. மூன்று டேக் போச்சு. கத்திவிட்டேன்.

“ஒண்ணு எடுத்துடு, இல்ல ஆடாம நடு. ரெண்டுல ஒண்ணு பண்ணு குணா.”

“ஈர மண்ணுல எப்படிப்பா நிக்கும்?”

“சிமெண்ட் போடு.”

கோவிந்தராஜே ஒரு மூட்டை சிமெண்ட் கொண்டுவந்து இறக்கினார். ஆங்கிள் இரும்பில் தகரத்தை நாலு போல்ட் போட்டு முறுக்கி, காலைக் கான்கிரீட்டில் இறக்கியாயிற்று. போல்ட்டுக்குக் கிரீஸ் போடச் சொன்னதும் நான்தான், கிறீச்சிடக் கூடாதென்று. இப்போது அசைவே இல்லை. கோவிந்தராஜ் நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

வெயில். சம்பா முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. இன்னும் பத்து நாளில் அறுப்பாம். 

போர்டுக்கு முன்னால் பெரிய சீன். பண்ணையாராக நடிக்கும் பெரியவர் நாடகத்திலிருந்து வந்தவர். டப்பிங் பிடிக்காது அவருக்கு. “வாய் ஒரு நாள், குரல் ஒரு நாளா?” என்பார். வயலைப் பார்த்துக்கொண்டே குத்தகைக்காரனை மிரட்ட வேண்டும். அவர் மிரட்டவில்லை. தாழ்ந்த குரலில், கிட்டத்தட்டக் கெஞ்சுவது போலப் பேசினார். ஒரே டேக். குழாய் இல்லை, பஸ் இல்லை, வாத்து இல்லை. கடைசி வார்த்தைக்குப் பிறகு நெற்கதிர் உரசும் சத்தம் மட்டும். ஹெட்போனைக் கழற்ற மனமில்லை.

“சவுண்டு?” என்றார் டைரக்டர்.

“ஓகே சார். ரொம்ப நல்லா வந்திருக்கு.”

மைக் மாட்டிய பூம் கம்பைப் பிடிக்கும் காஜா பாய் (அதிராம்பட்டினத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்) என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லையா? நல்லா இருக்குன்னு சொல்றீங்க?” பெரியவர் தூரத்திலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மத்தியானம் கூட்டக் காட்சி. கீழத்தெருவிலிருந்து ஆட்கள். காக்கிச் சட்டை போட்ட துணை நடிகர்களைப் பார்த்துக் கிண்டல்.

“ஏன்டி, இந்தப் போலீஸு பரவால்ல, தொப்பையே இல்ல.”

“அப்ப நெசப் போலீஸு இல்ல, வா.”

அந்தக் கூட்டத்தில் மலர்க்கொடி என்று ஒரு பெண். நாற்பது இருக்கும். கொலை செய்தது யார் என்று என்னிடம் கேட்டார். குத்தகைக்காரன் என்றேன்.

“அதானே. எங்களைவிட்டா யாரு இருக்கா உங்களுக்கு? எதை வச்சுக் கண்டுபிடிச்சாங்க?”

“சேத்துக் காலடி.”

“நல்லா இருக்கு. இந்த ஊர்ல சேத்துல கால் வைக்காதவன் அந்த மிராசு வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அவரைப் பிடிக்கச் சொல்லுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே போர்டுப் பக்கம் போனவர் நின்றுவிட்டார். சத்தமாக வாசித்தார்.

“இந்த நிலம் மிராசுதார் ரா. சாம்பசிவம் அவர்களின் சொந்த சாகுபடியில் உள்ளது. அத்துமீறி நுழைவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். சர்வே எண் 112/3.”

நான் அதுவரை அதை வாசித்ததே இல்லை. எனக்கு அது சத்தம் போடும் ஒரு தகரம்.

“இது யாருங்க எழுதுனது?”

“ஆர்ட் டிபார்ட்மெண்ட். செட் சாமான்.”

“சர்வே நம்பர்கூட கரெக்டா எழுதியிருக்கு. இது எங்க வயலுங்க. நாங்க நட்ட பயிரு.”

குணாவைக் கூப்பிட்டேன். ஸ்கிரிப்டில் பண்ணையாருக்குப் பெயர் கிடையாது. போர்டு தத்ரூபமாக இருக்க வேண்டுமென்று குணா கோவிந்தராஜிடம் கேட்டிருக்கிறான்: ஏதாவது ஒரு பேரு, ஒரு நம்பர் சொல்லுங்க. கோவிந்தராஜ் பெயர் சொல்லி, நம்பர் சொல்லி, வாசகத்தையும் தானே சொல்லிக்கொடுத்திருக்கிறார். குணாவுக்கு ஒரே பெருமை. “பாத்தியா, லோக்கல் டச்.”

ஜனவரி 21, புதன்

வானம் மூடாக்கு. நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை. இடுப்பு வலி.

மலர்க்கொடி சொன்னதை இங்கே குறித்து வைக்கிறேன், எனக்குக் குழம்பாமல் இருக்க.

அவர்கள் மாமனார் காலத்திலிருந்து குத்தகைச் சாகுபடி. குத்தகைப் பதிவில் பெயர் ஏறவில்லை. மிராசு தரப்பு, “அவர்கள் கூலியாட்கள், நாங்களே பயிர் செய்கிறோம்” என்று கோர்ட்டில் சொல்கிறது. கேஸ் நடக்கிறது, வாய்தா மேல் வாய்தா. இப்போது வக்கீல் கமிஷனர் ஒருவரை கோர்ட்டே அனுப்புகிறது: நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று நேரில் பார்த்து, போட்டோ எடுத்து, அறிக்கை தர. வருவது வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு.

வாடகை இல்லாமல் வயல் ஏன் கிடைத்தது என்று இப்போது தெரிகிறது.

“நீங்களே பிடுங்கிப் போட்டுடுங்களேன்,” என்றேன்.

“நல்லா சொன்னீங்க. நாங்க கை வச்சா அத்துமீறல்னு அதுக்கு ஒரு கேஸு. அதுக்குத்தானே அவரு காத்துக்கிட்டிருக்காரு. நீங்க நட்டது, நீங்க எடுத்தா யாரு கேக்கப்போறா?”

நியாயம். மேனேஜரிடம் போனேன்.

“கன்டினியூட்டிப்பா. அந்த இடத்துல எடுக்க வேண்டியதுல பாதிதான் முடிஞ்சிருக்கு. இன்ஸ்பெக்டர் வேற ஷூட்டிங் போயிட்டாரு, சனிக்கிழமைதான் வர்றாரு. அதுவரைக்கும் அங்க ஒரு துரும்பு அசையக்கூடாது.”

“சார், வெள்ளிக்கிழமை கமிஷனர்...”

“நமக்கு எதுக்கு ஊர் வம்பு? படுக்க இடம் குடுத்திருக்காங்க, படு. அந்தப் போர்டுல கை வச்சே, அன்னிக்கே ஊருக்குப் பஸ் ஏத்திடுவேன். யாரும் யார்கிட்டயும் எதுவும் பேச வேணாம், சொல்லிட்டேன்.”

குணா: “நான் வேணும்னா செஞ்சேன்?” இல்லை. நானும் வேண்டுமென்று சிமெண்ட் போடச் சொல்லவில்லை. ஆனால் போட்டாயிற்று.

மாலையில் மன்றத்துக்குப் போனேன். ஒன்றியம் (கட்சியின் ஒன்றியச் செயலாளர்) வந்திருந்தார், வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. கோவிந்தராஜ் வீட்டிலும் கட்சிக் கொடிதான், மலர்க்கொடி வீட்டிலும் அதே கொடிதான். ஒன்றியம் டீ வாங்கிக்கொடுத்தார். “தம்பி, ரெண்டு பேரும் நம்ம ஆளுங்க. யாரை விட்டுக்குடுக்கிறது? எலெக்ஷன் முடியட்டும், உக்காந்து பேசுவோம்.” டீ நன்றாக இருந்தது. குழாயைக் கொஞ்சம் தாமதமாகப் போடச் சொல்லிக் கேட்டேன். அதற்கும் எலெக்ஷன் முடியட்டும்.

டைரக்டர் அடுத்து சினிமா பண்ணப் போகிறார். “லைவ் சவுண்டு, நீதான்” என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். இதையும் குறித்து வைக்கிறேன். இன்று முழுவதும் இதையும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜனவரி 22, வியாழன்

காற்றே இல்லை. 

என்னிடம் இருக்கும் ஒரே அதிகாரம் இரண்டு எழுத்து: என்.ஜி. சவுண்டு சரியில்லை என்று நான் சொன்னால் மறுபடி எடுத்தாக வேண்டும். இதுவரை நன்றாக வந்ததை என்.ஜி. என்று சொன்னதில்லை. கெட்டதை ஓகே என்றும் சொன்னதில்லை. அதனால்தான் யாருக்கும் என்னைப் பிடிக்காது. அதனால்தான் நம்புவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

டிபன் நேரத்தில் டைரக்டரிடம் போனேன். காஜா பாய் பக்கத்தில் நின்றார். பெரியவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சார், செவ்வாய்க்கிழமை சீன் என்.ஜி. திரும்பப் போட்டுக் கேட்டேன். போர்டுலேர்ந்து ஒரு ரீங்காரம் வருது. போர்டு நிக்கிற வரைக்கும் வரும். இன்னிக்கே எடுத்துட்டு, போர்டு இல்லாம மறுபடி எடுக்கணும்.”

“காத்து அடிக்கலியே தம்பி,” என்று வாய் விட்டார் காஜா பாய். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆனா தகரம் பாருங்க, சொல்ல முடியாது,” என்றார். 

டைரக்டர் சட்னியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வாய் அசையுதுல்ல?”

“அசையுது சார்.”

“அப்ப டப்பிங் போட்டுக்கலாம், விடு. எனக்கும் வெறுத்துப்போச்சு. குழாய்ங்கிற, வாத்துங்கிற, இப்ப போர்டுங்கிற. மேனேஜர், மொத்தத்தையும் டப்பிங்கே பண்ணிடுவோம். சவுண்டை நாளைக்குக் காலைல அனுப்பிவிடுங்க.”

அவ்வளவுதான். முடிந்தது. அவர் அடுத்த இட்லியை எடுத்துக்கொண்டார்.

பெரியவர் கையைக் கழுவாமல் என் பின்னாலேயே வந்தார். “நல்லா வந்திருக்குன்னு சொன்னியேப்பா?” கோபமில்லை. நிஜமாகவே கேட்டார். கேபிள் சுற்றப் போய்விட்டேன். கேபிளைத் தப்பாகச் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினேன்.

மத்தியானம் வரப்பில் மலர்க்கொடி. களத்துக்கு இடம் பார்க்க வந்திருந்தார்.

“கேட்டுப் பாத்தேங்க. நடக்கல. என்னை அனுப்புறாங்க.”

“அய்யய்யோ, எங்களாலயா?”

“இல்ல. என் வாயால.”

“சாப்பிட்டீங்களா?”

இல்லை என்றேன். தூக்குச்சட்டியைத் திறந்து பாதியைக் கொடுத்தார். புளிச்சாதம். நின்றுகொண்டே சாப்பிட்டோம். போர்டை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். குணாவின் எழுத்து உண்மையிலேயே அழகு. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. நாளை பத்து மணிக்குள் போய்விடும்.

“நாளைக்கு யாராவது கேட்டா, நாங்க இருக்கோம்னு சொல்றதுக்கு எங்க வாய்தான் இருக்கு,” என்றார். “அவங்களுக்கு போர்டு இருக்கு.”

மாலை ஆறு. சாமான்கள் கட்டியாயிற்று. மிராசு வீட்டுக் கூடத்தில் சீட்டு நடக்கிறது. கோவிந்தராஜ் வந்து எல்லோருக்கும் பலகாரம் வைத்துவிட்டுப் போனார். எனக்கும் ஒரு தட்டு. “கிளம்புறீங்களாமே தம்பி? மறுபடி வாங்க.” தட்டு அப்படியே இருக்கிறது. 

வேன் காலை ஏழு மணிக்கு. ஏழு வரை நான் யூனிட் ஆள். அதாவது, போர்டை நட்டவர்களில் ஒருவன். இனி அனுப்பிவிடுவேன் என்று மிரட்டவும் முடியாது, ஏற்கனவே அனுப்பிவிட்டார்கள். இதை யோசிக்க எனக்கு ஒரு நாள் முழுக்க ஆகியிருக்கிறது. கான்கிரீட்டை உடைக்க முடியாது. மூன்று நாளில் நன்றாக இறுகியிருக்கும். தேவையும் இல்லை. வெறும் கம்பம் யார் பெயரையும் சொல்லாது.

நாளை:

1. காஜா பாய் பெட்டியில் 13 நம்பர் ஸ்பேனர். கேட்டேன். “எதுக்கு?” என்று கேட்காமல் கொடுத்துவிட்டு, “நானும் வரேன், ஓராள் தகரத்தைப் பிடிக்கணும்ல,” என்றார். வேண்டாம், அவரை யூனிட்டில் வேறு வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள், அது போகக் கூடாது. காலையில் மறுபடி சொல்ல வேண்டும்.
2. நாலு போல்ட். கிரீஸ் போட்டது. சுலபமாக வரும்.
3. தகரத்தைக் குணாவின் வண்டியில் ஏற்றுவது. ஒளிக்கக் கூடாது. அது செட் சாமான், செட் சாமான்களோடு இருக்கட்டும்.
4. பெரியவர் லாட்ஜிலிருந்து வந்ததும் ஹெட்போனை மாட்டி, செவ்வாய்க்கிழமை டேக்கைப் போட்டுக்காட்டுவது. நன்றாகத்தான் வந்திருந்தது என்று சொல்வது. ஏன் பொய் சொன்னேன் என்றும்.
5. வேனில் ஏறுவதில்லை. பத்து மணிக்குக் கமிஷனர் வரும்போது வரப்பில் நிற்பது. போர்டு இருந்தது, நாங்கள் வைத்தது, வாசகம் யார் சொன்னது. கேட்டாலும் சொல்வது, கேட்காவிட்டாலும் சொல்வது.
6. அலாரம் வேண்டாம். ஐந்தரைக்குக் குழாய் போடுவார்கள்.