மூன்றாம் படியில் தட்டு

அக்டோபர் 14, திங்கள்

மூரியல் வீட்டு முன்னறையில் இன்று இருந்தவர்கள்: மூரியல், அவள் தம்பி கிளிஃப், என் அடுத்த வீட்டு நோரீன், என் மகள் லோர்னா, நான். லோர்னா என்னைக் காரில் கொண்டுவந்து விட்டவள், மழை விடட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். யார் யார் பார்த்தார்கள் என்று நாளை எவரும் மாற்றிச் சொல்லக்கூடாது, அதனால் எழுதிவைக்கிறேன்.

ஏழரைக்கு டிவியில் ‘லாக்கேட் தெரு’ தொடர் தொடங்கியது. அதில் பப் நடத்தும் பீட்டி தன் புருஷன் ரானோடு பேச்சை விட்டது போன மாதமே தெரியும். இன்று அவன் சாப்பாட்டை எடுத்துப்போய் மாடிப்படியின் மூன்றாம் படியில் வைத்தாள். அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தாள். கைப்பிடியில் கரண்டியால் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

டீ என் மடியில் கொட்டிவிட்டது. பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது என்று சாக்குச் சொன்னேன்.

அது பீட்டி செய்தது இல்லை. நான் செய்தது. என் வீட்டில், என் புருஷன் வால்டருக்கு, பதினோரு வருஷம்.

கிளிஃப் சொன்னான்: “எழுதுறவனுக்கு மண்டை காலியாயிடுச்சு. ஒரே கூரைக்குக் கீழ பேசாம எப்படி இருப்பாங்க?”

மூரியல்: “பப்புக்குள்ள லாரி புகுந்துச்சு, நம்புனேன். ஒரே வாரத்துல ரெண்டு கொலை, அதையும் நம்புனேன். இதை மட்டும் என்னால நம்ப முடியலப்பா. எந்தப் பொம்பளைடி இப்படிப் பண்ணுவா?”

லோர்னா தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 15

டிவிக்காரர்களுக்கு யார் சொன்னது? அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர். வால்டர் மண்ணுக்குள் போய் இருபது வருஷம் ஆகிறது. நான் வாய் திறக்கவில்லை. மிச்சம் யார்?

அக்டோபர் 16, புதன்

லோர்னாவுக்குப் போன் போட்டேன்.

“நீதானேடி சொன்னே?”

“யார்கிட்ட, என்னத்தை?”

“டிவிக்காரங்ககிட்ட.”

“அம்மா, நான் கட்டிக்கிட்டவன்கிட்டயே இதைச் சொன்னதில்ல. அவ்வளவு வெக்கம். இப்பவும் எங்கயாவது கரண்டி தட்டுற சத்தம் கேட்டா எழுந்து வெளிய போயிடுறேன்.”

“நீ எப்பவும் உங்கப்பன் பக்கம்தான்.”

போனை வைத்துவிட்டாள். நான் சொன்னதில் என்ன தப்பு? அவன் பக்கம்தானே இருந்தாள்? தட்டில் அவனுக்கென்று ஒரு துண்டு கேக்கைக் கூடுதலாக ஒளித்து வைப்பாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

அக்டோபர் 20, ஞாயிறு

லோர்னா வரவில்லை. உருளைக்கிழங்கு இரண்டு பேருக்கு வேகவைத்திருந்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

இன்று காரணம் சொல்லிவிட்டார்கள். ரானுக்கும் முடி வெட்டும் கடைக்காரிக்கும் தொடுப்பாம். அட, இவ்வளவுதானா?

“இப்பதான் கதை ஒழுங்கா வருது. வேற பொம்பளைன்னாத்தான் இத்தனை வைராக்கியம் வரும்” என்றாள் மூரியல்.

“அதுக்கெல்லாம் ஒரு மாசம் பேசாம இருந்தாப் போதும்” என்றேன். வாயில் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நோரீன் மட்டும் சிரிக்கவில்லை.

என் காரணத்தை இங்கே எழுதுகிறேன், எவனும் திருத்தி எழுத முடியாதபடி. என் அம்மா எங்கள் முன்னறையில் படுத்திருந்தாள். நான் நூற்பாலையில் வேலையில் இருந்தேன். நடந்தால் பத்து நிமிஷம். அம்மா காலையிலிருந்தே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். பக்கத்தில் இருந்த வால்டர் டிவியில் கால்பந்து ஆட்டம் முடியட்டும் என்று இருந்துவிட்டான். ஆட்டம் முடிந்தது, என்னைக் கூப்பிட வந்தான். நான் போனபோது அம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

இதை எழுத டிவிக்காரர்களுக்குத் துப்பு இல்லை. முடி வெட்டுகிறவளாம்.

அக்டோபர் 28, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

இன்றும் படி, தட்டு, கரண்டி. கிளிஃப் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான். “வாரா வாரம் இதேதான். நடக்கிற கதையா இது?”

எப்போதும் ஓரத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கும் நோரீனுக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது வருஷமாக ஒரு நாள்கூட இந்தத் தொடரை விடாதவள். அதில் தப்பாகக் காட்டினால் அவளுக்குப் பொறுக்காது. “ஏன் நடக்காது? நடந்திருக்கு. இவங்கதான் எடுக்கத் தெரியாம எடுத்திருக்காங்க. பாரு, மூணு தடவை தட்டுறா. ரெண்டு தடவைதான் தட்டணும்.”

மூரியல் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?” என்றான் கிளிஃப்.

நோரீன் என்னைப் பார்த்தாள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவள் இருமல் எனக்குக் கேட்கும். என் கரண்டி அவளுக்குக் கேட்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவளே ஆரம்பித்தாள்.

“ஏப்ரல்ல நம்ம சேப்பல் பிரார்த்தனைக்கு ஒரு பொண்ணு கேக் வாங்கிட்டு வந்துச்சே, பழைய கதையெல்லாம் கேட்டுச்சே. அந்தத் தொடர்காரங்க அனுப்பினது. உன் பேரை நான் சொல்லல, பெரில்.”

“பேரு எதுக்குடி? என் படிக்கட்டையே தூக்கிக் குடுத்துட்டியே.”

“சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் அடுப்பே மூட்டுவேன். வால்டர் போன அன்னிக்கு நீ தட்டினே. திரும்பவும் தட்டினே. திரும்பத் திரும்பத் தட்டினே. அப்புறம்தான் நான் ஓடி வந்தேன், ஞாபகம் இருக்கா?”

“சக்கரை கேட்டு வந்தே.”

“வீட்ல சக்கரை இருந்துச்சு, பெரில்.”

நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நவம்பர் 1

லோர்னாவுக்குப் போன் போட்டேன். “நீ இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறி அடுப்புல இருக்கும்.”

பார்க்கலாம் என்றாள். 

நவம்பர் 3, ஞாயிறு

லோர்னா வந்தாள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

நவம்பர் 4, திங்கள்

முதல் நாள் இருந்த அதே ஐந்து பேர்தான். லோர்னா தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

பீட்டி தட்டினாள். ரான் வரவில்லை. தட்டில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. பீட்டி மாடியேறினாள். கதவைத் திறந்தாள். அவன் படுக்கையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துப் பேசினாள், பேசினாள், அவன் கண் மூடும்வரை பேசினாள்.

கிளிஃப் மூக்கைச் சிந்தினான். “பத்து வருஷத்துல இதுமாதிரி ஒண்ணு வந்ததில்ல.” மூரியல் சொன்னாள்: “எழுதினா இப்படி எழுதணும்.”

நோரீன் அழவில்லை. என் முழங்கால்மேல் கை வைத்தாள். நான் தள்ளிவிடவில்லை.

காரில் வரும்போது லோர்னா கேட்டாள். “அன்னிக்கு அப்பாவோட கதவை நீ திறந்தியாம்மா?”

“நோரீன்தான் திறந்தா.”

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். யாரோ வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள், நாளைய நவம்பர் ஐந்து வாணவேடிக்கைவரை பொறுக்காமல். அது ஓய்ந்த பிறகுதான் லோர்னா வண்டியைக் கிளப்பினாள்.

நோரீனை மன்னித்துவிட்டேன். நாளை போய் அவளிடம் சர்க்கரை கேட்கவேண்டும். வால்டர் என் அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொள்ளட்டும். ஒருத்தியை மட்டும் நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். சோறு ஆறுவதற்குள் மாடியேறினாளே, அந்தப் பீட்டி.