கடலில் சாகாத மாப்பிள்ளைக்கு

என் ஆசை மாப்ள தேவராஜு,

உன் நினைவு நாளுக்கு இந்த வருஷமும் மகாபலிபுரம் போய் வந்தோம். நான், என் தங்கச்சியும் உன் பெண்டாட்டியுமான அம்சா, முதல் தடவையாக உன் மகள் கீர்த்தனா. ஆம்பூரிலிருந்து கட்டிக்கொண்டு போன பிரியாணியை அம்சா மணலில் இலை போட்டு வைத்தாள். வைத்துவிட்டு உன்னைத் திட்ட ஆரம்பித்தாள்.

"குடிகாரப் பாவி! நீச்சல் தெரியாதவனுக்கு கடல்ல இன்னாடா வேல? என் பொண்ண இப்படி வுட்டுட்டுப் போய்ட்டியே!"

பக்கத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த குடும்பம் தள்ளிப் போய்விட்டது. ஐந்து வருஷமாக இதே திட்டு. நானும் ஐந்து வருஷமாகக் கைகட்டி நின்று கேட்கிறேன்.

நீ ஒரு சொட்டுக் குடித்தவன் இல்லை. உயிரோடு இருந்தவரை அந்தக் கடலில் கால்கூட நனைக்கவில்லை. ஊரெல்லாம் பொய்யைப் பரப்பிவிட்டு உண்மையை மட்டும் காதோடு காதாகச் சொல்வது நியாயமா? அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

அந்த ஊருக்கு வருகிறவர்களுக்குக் கல் ரதம் தெரியும், கடற்கரைக் கோயில் தெரியும், வறுத்த மீன் தெரியும். ரிசார்ட்டுகளின் பின்பக்கம் தெரியாது. அத்தனை அறையிலும் குளித்து, கழித்து அனுப்புவதெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது, அதை யார் வாருகிறார்கள் என்று எவன் கேட்டான்? நாம்தான் வாரினோம். தோல் பதனிடுகிற ஷாப்பில் கழிவுத் தொட்டி வாரிப் பழகிய ஆட்கள் என்றுதான் நம்மைக் கூப்பிட்டார்கள். ஷாப்பில் வேலை கம்மியான மாசம் அது. "ஒரு நாள் வேலதான் மாப்ள, அப்படியே கடலையும் பாத்துட்டு வந்துடலாம் வா" என்று உன்னை இழுத்துப் போனவன் நான்.

மேனேஜர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "உங்க ஊர் ஆளுங்களுக்கு நாத்தம் பழக்கம்தானே" என்றான். நாம் சிரித்தோம். அதில் ஒரு பெருமை வேறு நமக்கு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஷாப்பில் தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன்னால் மூத்தவன் குனிந்து மோந்து பார்ப்பான். நாற்றம் ஜாஸ்தி என்றால் காத்திருக்க வேண்டும், கம்மி என்றால் இறங்கலாம். ரிசார்ட்டின் செப்டிக் டேங்கிலும் நான்தான் குனிந்தேன். மூடியைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே தெரியவில்லை. "கம்மிதான் மாப்ள, எறங்கு" என்றேன்.

நாற்றம் போகவில்லை. என் மூக்குதான் மரத்துப் போயிருந்தது. கழிவிலிருந்து கிளம்பும் விஷவாயு ஜாஸ்தியானால் முதலில் மோப்பத்தைத்தான் கொல்லுமாம், பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். நீ ஏணியில் பாதி இறங்கி, "மச்சான்" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாய்.

உன்னைக் கயிறு போட்டு மேலே தூக்கியதும் மேனேஜர் சொன்னான்: "எறங்கச் சொன்னது நீதானே? மொதல்ல உன்னத்தான் புடிப்பாங்க. கடல்ல குளிக்கப் போனான்னு சொல்லிடு." போலீசுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை மாப்ள. அம்சாவின் முகத்துக்குப் பயந்தேன். உன்னைக் கழுவி, அலையில் நனைத்து, மணலில் கிடத்தியது இந்தக் கைதான். குடித்திருந்தாய் என்று சேர்த்துச் சொன்னது மேனேஜர் இல்லை, நான். நீச்சல் தெரியாதவன் ஏன் இறங்கினான் என்று கேட்பார்களே, அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. சீ, என்ன ஜென்மம் நான்!

இப்போது அந்த டேங்க் மேல் புல் வளர்த்து ஊஞ்சல் போட்டிருக்கிறார்கள். கல்யாண ஜோடி ஒன்று அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

கீர்த்தனாவுக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கக் கடை தேடி அந்தப் பின்பக்கச் சந்தில் நடந்தபோதுதான் அதைப் பார்த்தேன். அடுத்த ரிசார்ட் பின்னால் ஒரு டேங்க் மூடி திறந்து கிடந்தது. இரண்டு ஆட்கள். பெரியவன் குனிந்து மோந்து பார்த்தான். "கம்மியாத்தான் இருக்கு, எறங்குப்பா" என்றான். மற்றவன் லுங்கியை மடித்துக் கட்டினான்.

கத்தியிருக்க வேண்டாமா நான்? 'மூக்கை நம்பாதே, என் மாப்ள இப்படித்தான் செத்தான்' என்று ஒரு வார்த்தை போதாதா? பக்கத்தில் உன் மகள் நின்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டேன். அந்த ஆள் ஏறினானா? தெரியாது. ஒரு வாரமாகப் பேப்பரைப் புரட்டுகிறேன், ஒன்றும் இல்லை. அதை வைத்து மனசை ஆற்றிக்கொள்ளவும் முடியவில்லை. உன்னைப் பற்றியும் 'கடலில் குளித்தவர் பலி' என்றுதானே போட்டார்கள்?

திரும்பி வரும்போது பஸ் வேலூர் பக்கம் சத்துவாச்சாரி தாண்டியது. அம்சா தூங்கிவிட்டாள். கீர்த்தனா கேட்டாள்: "மாமா, அந்த ஆளு எறங்குறப்போ என் கைய ஏன் அப்படி புடிச்சீங்க? இன்னும் வலிக்குது."

"ஒண்ணும் இல்லம்மா."

கையைத் தடவிக்கொண்டே, "எங்கப்பா மெய்யாலுமே குடிச்சிருந்தாரா மாமா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். கேட்டாயா மாப்ள? இத்தனைக்கும் பிறகு, அவள் கண்ணைப் பார்த்து, ஆமாம் என்றேன்.

இத்தனை வருஷம் அவள் உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்போ அம்மா திட்றது கரெக்ட்டுதான்" என்றாள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. இதை அச்சுக்கு அனுப்பும் முன்னால் உன் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். கீர்த்தனா சத்தமாகப் படிக்கட்டும், அம்சா கேட்கட்டும். பாதியில் எழுந்து ஓடமாட்டேன். செருப்பால் அடித்தால் வாங்கிக்கொள்வேன். படித்து முடித்த பிறகு எனக்குத் தங்கச்சி என்று ஒருத்தி இருக்கமாட்டாள், மாமா என்று கூப்பிடவும் ஆள் இருக்காது. ஆனால் உன்னை இனி அந்த வீட்டில் யாரும் குடிகாரன் என்று சொல்லமாட்டார்கள். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன்னை இறங்கச் சொன்ன மச்சான்,
ஏகாம்பரம்